பூட்டுக்கல்

கலைச்சொல் பட்டியலின் நூற்றுப் பதினான்காம் வரியில்
'திறவுகோல் இனம்' என்று அச்சாகியிருந்தது.
கீஸ்டோன் என்ற சொல்லை யாரோ நடுவில் பிளந்து
சாவியை எடுத்துக்கொண்டு
கல்லைக் கடலில் போட்டுவிட்டார்கள்.
ஏழாம் வகுப்பு அறிவியல். திங்கட்கிழமைக்குள் திருத்தம் போக வேண்டும்.
சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி வைத்தேன்.

மண்ணடியில் பழைய கிட்டங்கி ஒன்றை இடித்துக்கொண்டிருந்தார்கள்.
வளைவுக்குக் கீழே நின்று கேட்டேன்,
உச்சியில் இருக்கிற அந்தக் கல்லுக்கு என்ன பேர்?
காதர் மேஸ்திரி சுத்தியலை இறக்காமலே சொன்னார்:
"பூட்டுக்கல்.
தனியாப் பாத்தா பத்து கிலோ தேறாது.
அத்தப் புடுங்கினா
ரெண்டு பக்கமும் ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சி நிக்கிறது
மறந்துபூடும்.
மொதல்ல கொஞ்சம் தள்ளி நில்லும்மா."

தை மாதம். வன்னித் தண்ணி தெற்கே இறங்கும் நாட்கள்.
நீலாங்கரை மணலில் விடியுமுன் நடந்தோம்.
வனக்காவலர் இன்பராசு கையில் மஞ்சள் பெயிண்ட் டப்பா.
ஒதுங்கிய ஒவ்வொரு பங்குனி ஆமையின் ஓட்டிலும்
ஓர் எண் எழுதுகிறார்,
மறுபடி எண்ணிவிடாமல் இருக்க.
முப்பத்தொன்று: கழுத்து வீங்கி, கண் பிதுங்கி.
மீனைப் போல் இருந்தும் மீனல்ல அது,
காற்றுக்கு மேலே வந்தாக வேண்டும்.
இழுவலை மேலே வர விடவில்லை.
முப்பத்திரண்டு: வயிற்றில் முட்டை.
முப்பத்து மூன்றுக்குக் குனிந்தவர் நிமிர்ந்தார்.
முதுகில் பாதி அழிந்த மஞ்சள்.
ஏழா, ஒன்றா?
கடல் ஒருமுறை எடுத்துப்போய்
திருப்பிக் கொண்டுவந்து வைத்திருக்கிறது.
எதுவும் எழுதாமல் நகர்ந்தோம்.

காசிமேட்டில் வெயில் ஏறிவிட்டது.
தேசப்பனின் வலை நெத்திலிக்குப் போட்டது.
வந்திருந்தது சொறி.
கண்ணாடிக் களி, கூடை கூடையாக,
கண் இல்லை, எலும்பு இல்லை, ஏலத்தில் விலையும் இல்லை.
அது தின்றது நெத்திலியின் முட்டையை, குஞ்சை.
அதைத் தின்ன வேண்டியது
அங்கே தெற்கே மணலில் மஞ்சள் எண்ணோடு கிடக்கிறது.

அப்படித்தான் சொல்ல ஆசை.
ஆனால் ஆமை குறைந்ததாலா,
தண்ணீர் சூடானதாலா,
கூவம் கொண்டுவந்து கொட்டுவதாலா?
தேசப்பனைக் கேட்டால்,
"எல்லாந்தான். நீ எத்தன்னு கண்டுபுடிப்ப?"

புத்தகத்தில் அம்புக்குறிகள் தெளிவாக இருக்கின்றன.
உண்ணப்படுவதிலிருந்து உண்பதற்குப் போக வேண்டும் அம்பு;
ஓவியர் தலைகீழாகப் போட்டதில்
நெத்திலி, சொறியை விழுங்குகிறது,
சொறி, ஆமையை.
அதையும் திருத்த வேண்டும்.
படத்தில் விசைப்படகு இல்லை.
இடம் பத்தவில்லையாம்.

வலையை உதறக் கை கொடுத்தேன்.
முன்கையில் சாட்டை வீசியதுபோல் ஒரு கோடு.
"நல்ல தண்ணி ஊத்தாத, கடல் தண்ணிலயே கழுவு" என்றார்.
எரித்ததையே மருந்தாக வைத்திருக்கும் கடலை
இரண்டு கை அள்ளி ஊற்றிக்கொண்டேன்.

இரவு, ராயபுரத்து அறை. மின்விசிறிக்கடியில் பட்டியல்.
நூற்றுப் பதினான்காம் வரியை அடித்துவிட்டு
'பூட்டுக்கல் இனம்' என்று எழுதினேன்.
பக்கத்துக் கட்டத்தில் ஆதாரம் கேட்டிருந்தார்கள்.
காதர், மேஸ்திரி, மண்ணடி.
குழு ஒப்புக்கொள்ளாது, தெரியும்.
ஒரே கல்தானா கடலுக்கு,
எது என்று இழுத்துப் பார்த்தவர் யார்,
அந்தக் கட்டம் பட்டியலில் இல்லை.

மண்ணடியில் இந்நேரம் வளைவு இறங்கியிருக்கும்.
கோடு சிவந்து தடித்திருக்கிறது.
தொடக்கூடாது என்றுதான் சொன்னார்.
அடுத்த வரி, நூற்றுப் பதினைந்து: 'உணவு வலை'.
இடது கையால் சொறிந்துகொண்டே
வலது கையால் திருத்துகிறேன்.